ஓரக்கறை

தாண்டிக்குடி. ரேஷன் கடைக்கு மேல்மாடி.
ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்
விரல் உயரக் குப்பியில் வெள்ளி மை.
‘தொடாதே, என் வளையலைவிட விலை’ என்று
ஜைத்தூன் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

நாங்கள் அச்சடிப்பது எழுத்து இல்லை.
காப்பிச் செடியின் வேரடியில் செருகினால்
மண்ணின் ஈரத்தை எண்ணாகச் சொல்லும்
சீப்புப் பல் கோடுகள்.
பல்லுக்குள் பல் நுழைந்திருக்கும், தொட்டுக்கொள்ளாது,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்
ஒரே பந்தியில் உட்கார்ந்ததுபோல.

ஒரு சொட்டு பத்து பிக்கோலிட்டர்.
போலியோ சொட்டு ஒன்றில்
இது ஐம்பது லட்சம் அடங்கும்.

மூன்று மாதமாக மீட்டர் கத்தவில்லை.
உருப்பெருக்கியில் பார்த்தால்
ஒவ்வொரு சொட்டும் ஓரம் தடித்து நடுவில் வெறுமை.
டம்ளர் வைத்த இடத்தில் காப்பி காய்ந்து விடும்
அதே வளையம்.
வெள்ளியெல்லாம் விளிம்புக்கு ஓடிவிடுகிறது.
காப்பிக்காட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டு
காப்பிக் கறையோடு மல்லுக்கட்டினோம்.

மலைக்காற்றின் ஈரம்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி
கூட்டுறவு வங்கியில் கையெழுத்துப் போட்டு
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கினோம்.
மாதம் நாலாயிரத்து இருநூறு.
இரவெல்லாம் உறுமிக் காலையில்
ஒரு வாளி மேகம் கக்கும்.
ஜைத்தூன் அதில் தரை துடைப்பாள்.
வளையம் முன்னைவிடக் கூர்மையானது.

ஐப்பசி பத்தொன்பது, கரண்ட் போனது.
பேட்டரி அச்சு இயந்திரத்துக்கு மட்டும்.
உறிஞ்சி வாய் மூடியது.
சாத்த மறந்த ஜன்னல் வழியே
பண்ணைக்காட்டுப் பக்கமிருந்து ஏறிய மஞ்சு
செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தது.
இருட்டில் அச்சுத்தலை போய்வரும் சத்தம் மட்டும்.
தாள் காயவே மாட்டேன் என்றது.
அவள் குப்பைக்கூடையில் போட்டாள்.
நான் ஏன் எடுத்தேன், தெரியாது.

மறுநாள் அடுப்பில், நூற்று முப்பதில், அரைமணி.
ஒரே கோட்டின் இரு முனையிலும் முள்ளை வைத்தேன்.
கீச்.
நடு நிறைந்திருந்தது.
விரட்ட ஆளில்லாத வெள்ளி
விழுந்த இடத்திலேயே தங்கிவிட்டிருக்கிறது.
‘மறுபடி வை’ என்றாள். கீச்.
‘இன்னொரு தடவை.’
கீழே ரேஷன் வரிசையில் யாரோ கேட்டார்:
‘என்ன, எலி சிக்கிருச்சா?’

இன்னும் இருபத்திரண்டு தவணை பாக்கி.
உறிஞ்சியை நகர்த்தி
ஜன்னல் கதவு சாத்திக்கொள்ளாதபடி
முட்டுக் கொடுத்திருக்கிறோம்.