பதினோராவது ஓட்டை

இருபத்திரண்டு என்றால் ஒரு தோட்டா பதினான்கு சென்ட்.
பதினேழு என்றால் நாற்பத்தைந்து.
ஈசல்மி நிறுத்தத்தில் கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போனபின்
ஸ்டியரிங் மீது காகிதம் வைத்துக்
கணக்குப் போட்டேன்.

சுலேவி தன் பதினேழைப் பற்றிப் பேசுவது
புது மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.
நூறு மீட்டர் தாண்டியும்
நூல் பிடித்தாற்போல் போகுமாம்.
எங்கள் மணற்குழியில் இருப்பதே ஐம்பது மீட்டர்.
அதற்குப் பின்னால் மண்மேடு.
அதற்கும் பின்னால் ஏரி,
அக்டோபரில் ஓரம் மட்டும் உறைந்து.

அவனுடையது சுட்டால் பீங்கான் தட்டு உடையும்.
என்னுடையது
ஈரத்துணியை ஒருமுறை உதறினாற்போல், அவ்வளவுதான்.
பிர்ச் மரக் கட்டை,
அதில் முன்பு வைத்திருந்தவரின் நாய் கடித்த தடம்.
ராய்மோ அதற்காகவே இருபது யூரோ குறைத்தான்.
சரியாக அந்தப் பள்ளத்தில்தான்
என் கட்டைவிரல் உட்காருகிறது.

சந்தா, பெட்ரோல், காதடைப்பான், எண்ணெய்.
காகிதம் ஒன்று பன்னிரண்டு சென்ட்;
கறுப்பு வில்லை ஒட்டி
ஒரே காகிதத்தை மூன்று சனிக்கிழமை ஓட்டுவேன்.
கஞ்சத்தனம் என்பான் சுலேவி.
சொல்லட்டும்.
பிறகு போட்டி வந்தது.
துணி துவைக்கும் இயந்திரம் பழுதுபார்க்க
எடுத்து வைத்த பணத்தில்
நல்ல தோட்டா ஒரு பெட்டி வாங்கினேன்,
ஒன்று முப்பத்தேழு சென்ட்.

ஒன்பது சுட்டேன்.
பத்தாவதுக்கு மூச்சை விட்டேன், பாதியில் நிறுத்தினேன்,
எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது,
விசை தானாகவே நழுவியதுபோல் இருந்தது.
இப்படி ஒரு குண்டு
வருஷத்துக்கு ஒன்றுதான் வாய்க்கும்.

என் காகிதத்தில் ஒன்பது ஓட்டை.
சுலேவியின் காகிதத்தில் பதினொன்று.

ராய்மோ பூதக்கண்ணாடியோடு குனிந்தான்.
யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
பத்து ஓட்டை கடுகு.
நட்டநடுவில் ஒன்று மட்டும் மிளகு.
"லாஹ்யா," என்றான் நிமிராமலே,
"அழகான பத்து. பக்கத்து வீட்டில்."

சுலேவி சிரிக்கவில்லை.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.
தன் கடுகுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்,
நடுவில் போகாத பத்து நாற்பத்தைந்து சென்ட்.
பிறகு தெர்மாஸைத் திறந்து
எனக்கு முதலில் காப்பி ஊற்றினான்.

திங்களன்று துணி போட்டேன்.
இயந்திரம் வழக்கம்போல்
சமையலறைக் குறுக்கே குதித்து நடந்தது.
நடுவே கிணுகிணுவென்று ஒரு சத்தம்:
சட்டைப்பையில் மறந்துபோன வெற்றுக் கூடு.
நிறுத்தி எடுக்கலாம்.
எடுக்கவில்லை.
அலசல் முடியும்வரை
கதவைப் பிடித்துக்கொண்டு
கேட்டுக்கொண்டிருந்தேன்.