குலுக்கும் வேலை

குளியலறை விளக்கை அணைத்து
கதவிடுக்கில் துண்டைத் திணிக்கிறேன்.
இருட்டில் தடவித் தடவிச் சுருளை ரீலில் ஏற்றுகிறேன்.
நகராட்சி கொடுத்த குளியல் நாற்காலிமேல்
ரசாயனக் குப்பிகள், தெர்மாமீட்டர், புனல்.
அம்மாவுக்கு எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து மணிக்கு மாத்திரை.
படச்சுருளுக்கு இருபது டிகிரியில் பதினொரு நிமிடம்.
கடிகாரம் பார்க்காமல்
இந்த வீட்டில் இப்போது எதுவும் நடப்பதில்லை.

கோத்தன்பர்க்கில் முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவள் குன்வோர்.
பனி இறுகிய தண்டவாளத்திலும்
நின்றுகொண்டு வருகிறவரின் காப்பி தளும்பாமல் நிறுத்துவாள்.
அவள் கோப்பையை இப்போது
பாதிக்குமேல் நான் நிரப்புவதில்லை.

முதல் சுருள் முழுக்க ஏமாற்றினேன்.
ஜன்னல் வெளிச்சம், நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு:
மேசைமேல் கை கல்லாய்க் கிடந்தது.
படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"யார் கை இது? செத்தவளுடையதா?"

அடுத்ததற்கு ஒரு முழு நொடி திறந்து வைத்தேன்.
சர்க்கரைக் கிண்ணம் துல்லியம்.
விரிப்பின் காப்பிக் கறைகூடத் துல்லியம்.
கை மட்டும்
கெட்டிலின் மூக்கில் எழும் ஆவி.
"ம். இது நான்தான்."

தொர்க்னி போனில் கத்துகிறான்:
நல்ல நாளாய்ப் பார்த்து எடுக்கக் கூடாதா,
தலையையாவது வாரிவிட்டு?
வாரிவிட்டுத்தான் எடுத்தேன், தம்பி.
நீ வந்து மூன்று மாதமாகிறது.

டாங்கை மூடி விளக்கைப் போட்டால்
வாசலில் நிற்கிறாள், நடைவண்டியைப் பிடித்தபடி.
"என்ன செய்கிறாய்?"
"நிமிடத்துக்குப் பத்து நொடி குலுக்கணும், அம்மா.
இல்லாவிட்டால் திட்டுத் திட்டாய்ப் போகும்."
நாற்காலியைக் காலி செய்யச் சொன்னாள்.
உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.
"கொடு. இந்த வேலையை
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்."

பத்து நொடி அல்ல,
பதினொரு நிமிடமும் குலுங்கியது.
நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.
சிரிப்பில் தோளும் சேர்ந்துகொண்டது.
மூடி கசிந்து அவள் அங்கி நனைந்தது.

அலசிப் பிரித்தால்
அளவுக்கு மீறி முற்றிய நெகடிவ்.
வெளிச்சமெல்லாம் கட்டிக் கறுப்பு.
அச்சுப் போட்டால் ஜன்னல் இருக்காது,
அவள் நெற்றியில் பாதி இருக்காது.
சுவரின் பிடிமானக் கம்பியில்
கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். சொட்டியது.

"நன்றாக வந்திருக்கிறதா?"
"கொஞ்சம் ஓவர்."
"இன்னொன்று இருக்கா?"

மணி ஐந்தே முக்கால்.
மாத்திரை டப்பாவில் ஐந்து மணிக் குழி
இன்னும் நிரம்பியே இருந்தது.