நடவடிக்கைக் குறிப்பு, புதன் மாலை

கடலூர் முதுநகர். ஆலயத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கூடம்.
வந்தவர்கள் ஒன்பது பேர். பெண்கள் இருவர்,
அதில் ஒருத்தி எழுதிக்கொண்டிருப்பதால்
கணக்கில் வருவாளா என்பது
போன கூட்டத்திலேயே முடிவாகவில்லை.

பொருள் ஒன்று:
பரிபூரணம் டீச்சர் பிரசங்க மேடையில் ஏறலாமா,
அல்லது வழக்கம்போல் கீழே மைக் வைத்து
சாட்சி என்று பெயர் சொல்லிப் பேசினால் போதுமா.

முதலில் பேசியவர் சாமுவேல் தனகோட்டி ஐயா,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்.
மண்ணில் முதலில் உருவானவன் யார் என்று கேட்டார்.
கேட்ட சூட்டில் அவரே பதிலும் சொன்னார்.
முந்தியவன் முதல்வன், அவள் துணை.
துணை என்றால் அடுத்த நாற்காலி.
பதினாறு வருஷம் அதில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.
(சிரிப்பு.)

டீச்சர் எழுந்திருக்கவில்லை.
முந்தி உண்டானதுதான் பெரிது என்றால்
மீனும் கொக்கும் நமக்கு மூத்தவை,
துறைமுகத்துக்குப் போய்
வஞ்சிரத்திடம் அனுமதி வாங்கிவருவோம் என்றார்.
(சிரிப்பு இல்லை. எபனேசர் மட்டும் இருமினார்.)

முதல் அதிகாரத்தில் இருவரும் ஒன்றாக, ஒரே சாயலில்.
இரண்டாவதில்தான் விலா.
உங்கள் வேதம் மட்டும்
அந்தப் பக்கத்தில் தானாக விரிகிறது ஐயா,
அவ்வளவு தடவை திறந்திருக்கிறீர்கள்.

அந்த விலாவும் எலும்பாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை,
மூலபாஷையில் பக்கம் என்றும் அர்த்தம் உண்டு,
வீட்டின் ஒரு பக்கம் போல.
வேலியில் ஒரு குச்சியை உருவினார்களா,
வீட்டையே நடுவில் பிரித்தார்களா?

போதகர் சொன்னார்:
மூலபாஷை தெரிந்தவர்கள் நமக்குள் இல்லை.
ஜெபிப்போம்.

கண்ணை மூடாமல் நான் பார்த்தது, குறிப்பில் சேர்க்காதது:
ஜன்னலுக்கு வெளியே உப்பனாறு.
ஐஸ் ஏற்றிக்கொண்டு ஒரு விசைப்படகு,
முகப்பில் சிவப்பு எழுத்தில் கர்த்தர் துணை.
அந்தப் படகில்
யாருக்கு யார் அடுத்த நாற்காலி?
நான் கேட்கவில்லை.
எழுதுகிறவள் பேசக்கூடாது.

ஆறு நாற்பதுக்கு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள்.
பேனாவை மூடிவிட்டு டீ போடப் போனேன்.
ஸ்டவ் பற்றவில்லை, நாலு தீக்குச்சி வீண்.
இஞ்சி தட்டினேன்.
டம்ளர் எட்டுதான் இருந்தது.

திரும்பி வந்தபோது டீச்சரின் நாற்காலி காலி.
போனாரா, போகவைத்தார்களா,
கேட்டால் விசிறியைப் பார்த்தார்கள்.
டம்ளர் சரியாக இருந்தது.

எழுதிக்கொள்ளம்மா, என்றார் தனகோட்டி ஐயா.
சாட்சி. கீழே. பத்து நிமிஷம்.
ஏகமனதாக.

இதை இப்போது வீட்டில் உட்கார்ந்து
சுத்தப்பிரதி எடுக்கிறேன்.
காற்று திரும்பி ரசாயன ஆலைகளின் வாடை வருகிறது,
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்.

ஆதாம் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான்.
அவள் உருவான நேரம் முழுக்க
அவனுக்குக் கண் மூடியிருந்தது.
எந்தப் பக்கம், எவ்வளவு, எதற்காக,
ஒன்றையும் பார்க்கவில்லை.
விழித்தவுடன் பேச ஆரம்பித்தான்.
இன்னும் முடிக்கவில்லை.

ஏகமனதாக என்று எழுதினேன்.
சொன்னதை எழுதுவதுதான் என் வேலை.
அதற்கு மேலே, கொஞ்சம் சின்ன எழுத்தில்,
ஒரு வரி சேர்த்தேன்:
6.40 முதல் 6.58 வரை எழுதுபவர் அறையில் இல்லை.

அடுத்த புதன்
தனகோட்டி ஐயா இதன் அடியில் கையெழுத்துப் போடுவார்,
வாசிக்காமல்.

இப்படிக்கு,
தபீத்தாள்,
துணைச் செயலாளர்.