ஏழாம் கட்டம்

கூரை பழுதுக்கு மானியம் கேட்கும் படிவம்.
ஏழாம் கட்டத்தில் கேட்கிறார்கள்:
கட்டடத்தின் வரலாறு, சுருக்கமாக.
கட்டம் என் உள்ளங்கை அகலம்.
பொருளாளர் நான். எழுதுகிறேன்.

கருஸ்கூலா, தெற்கு எஸ்தோனியா.
1911இல் ஊர்த் தீயணைப்புச் சங்கம் கட்டியது.
கீழே கைப்பம்பு, தோல்குழாய், இரண்டு குதிரைகள்.
மேலே ஒரு மேடை.
தினமுமா தீப்பிடிக்கிறது,
மற்ற நாளில் இந்த ஆண்களை என்ன செய்வது
என்று பெண்கள் கேட்டதாகப்
பதிவேட்டில் இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு வண்டிக் கல்.
பாதிரியார் கல் தரவில்லை.
திரைக்குத் துணி தந்தார்,
பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு.

1926, உறைபனி.
இரண்டாம் அங்கத்தில் அரசன்
மகளைச் சபிக்கக் கை ஓங்கினான்.
மணி அடித்தது. நிஜ மணி.
பால்பண்ணை எரிகிறது.
அரசன், தளபதி, பிச்சைக்காரன்,
மூன்றாம் காட்சியில் சாகவேண்டிய தூதன்
எல்லோரும் சங்கத்து ஆட்கள்.
அரசனாயிருந்த கொல்லன் ஆடோ
சணல் தாடியோடு ஓடினான்.
தாடியில் பொறி விழுந்து
முதல் வாளித் தண்ணீர் அவன் முகத்துக்கே போயிற்று.

பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் வாளி தூக்கினார்கள்.
மீதிப்பேர் அவர்களுடைய நாற்காலிகளுக்குக் காவல்.
மூன்று மணி நேரம் கழித்து
அரைத் தாடியும் முழுக் கரியுமாக
அதே இடத்தில் நின்று
அதே கையை ஓங்கினான் ஆடோ.
வசனம் வரவில்லை.
மேடை விளிம்பின் மரக்கூண்டுக்குள்ளிருந்து
லெய்டா அடியெடுத்துக் கொடுத்தாள்:
மகளே, நீ...
மகளே, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு
என்றான் அரசன்.
கைதட்டலில் ஜன்னல் ஒன்று விரிந்தது.
கண்ணாடிச் செலவு நாற்பது மார்க்.

1949, மார்ச்.
ஒத்திகைப் பட்டியலில் பதினொரு பெயர்.
இருபத்தைந்தாம் தேதிக்குப் பின் நான்கு.
ரயில் கிழக்கே போயிற்று.
பதிவேட்டில் அந்த வாரத்துக்கு ஒரே வரி:
ஒத்திகை இல்லை, விறகு மிச்சம்.
யார் கையெழுத்து என்று ஊருக்கே தெரியும்.
யாரும் சொன்னதில்லை.
நானும் இங்கே எழுதவில்லை.

பிறகு கூட்டுப்பண்ணையின் தானியக் கிடங்கு.
மேடை மட்டம்வரை ஓட்ஸ்.
எட்டுக் குளிர்காலம் எலிகள்தான் நடிகர்கள்.

1957இல் லெய்டா திரும்பி வந்தாள்.
பண்ணைத் தலைவரிடம் சாவி கேட்டாள்.
எதற்கு?
என் மூக்குக்கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டேன்.
ஓட்ஸைக் கையால் அள்ளி அள்ளிக்
கூண்டுக்குள் இறங்கினாள்.
கூரை ஒழுகிய இடத்தில் தானியம் முளைத்து
வெளிச்சம் காணாமல் வெளுத்துக் கிடந்தது.
கண்ணாடி கிடைத்தது, ஒரு வில்லையோடு.
துடைத்துப் போட்டுக்கொண்டு
தலைவரை மேலும் கீழும் பார்த்தாள்.
உங்களுக்கு நல்ல உயரம், என்றாள்.
அடுத்த குளிருக்கு ஓட்ஸ் வேறிடம் போயிற்று.
தலைவர் மூன்று வருடம் அரசனாக இருந்தார்.
நடிப்பு சுமார்.

1991க்குப் பின் நான்கு பேர்
கட்டடம் தங்களுடையது என்றார்கள்.
சங்கம் இல்லை, பண்ணை இல்லை,
பத்திரத்தில் முத்திரை குத்திய அரசும் இல்லை.
வழக்கு பதினோரு வருடம்.
அத்தனை வருடமும் சட்டப்படி
நாங்கள் அத்துமீறி நடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது மூன்றாம் வரிசை, பதினான்காம் இருக்கைக்கு
சீட்டோடு குடையும் தருகிறோம்.
அது முதலில் விற்றுப்போகிறது.

கட்டம் எப்போதோ நிரம்பிவிட்டது.
ஓரங்களிலும் எழுதியாயிற்று.
ஆடோவை எடுத்துவிடலாமா?
பாதிரியார் ஆட்சேபிக்கமாட்டார்.
விறகு?

அடித்துக்கொண்டே வந்தேன்.
கடைசியில் படிவத்தில் நின்றவை:
கட்டப்பட்டது 1911.
பயன்பாட்டில் உள்ளது.
கூரை ஒழுகுகிறது.

இன்னொரு வில்லை
இதுவரை கிடைக்கவில்லை.