கறுப்புக் குதிரை

கியூம்ரியில் பழைய இரும்புக்கு விலை சொல்பவன் நான்.
சாதெனிக் ஓட்டிவந்தது ஆரஞ்சு நிற ஷிகுலி.
தரையில் ஓட்டை; பனி உள்ளே எட்டிப் பார்த்தது.
எங்கெங்கே விரிசலோ அங்கெல்லாம்
சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாய் எபாக்சி:
ரேடியேட்டரின் இடுப்பில்,
எண்ணெய்த் தொட்டியின் அடிவயிற்றில்,
பக்கக் கண்ணாடியின் கழுத்தில்.
சில கட்டிகளில் ஒரு கட்டைவிரல் ரேகை
கையெழுத்துப் போலக் காய்ந்து கிடந்தது.

"ஸாவென் வேலை," என்றாள்.
"வீட்டில் பாத்திரத் தொட்டி, டீக் கோப்பையின் காது,
இதோ என் மூக்குக்கண்ணாடி, எல்லாமே.
இரண்டு டியூபிலும் சரிசமமாய்ப் பிதுக்கித்
தீக்குச்சியால் குழைத்துக்கொண்டே இருப்பான்.
அந்த நாற்றத்தோடுதான் ரொட்டி தின்போம்."

காரை எடுத்துக்கொள், பணம் கொடு,
கியர்க் கம்பியின் தலையில் இருப்பதை மட்டும்
கழற்றித் தா என்றாள்.

சதுரங்கக் குதிரை.
கைபட்டுக் கைபட்டு ஒரு காது மழுங்கியிருந்தது.
குமிழ் உடைந்த குளிர்காலத்தில் ஒட்டினானாம்;
அன்றிலிருந்து அவர்கள் பலகையில்
அதற்குப் பதில் ஒரு பீர் மூடி தாவிக்கொண்டிருந்தது.

திருகினேன். அசையவில்லை.
சுத்தியலால் கெஞ்சினேன், பிறகு மிரட்டினேன்.
வெந்நீர் ஊற்றினேன்.
கேஸ் பர்னரை எடுத்தபோது
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்:
"அது மரம்."

க்ராஸ்னதாருக்குப் போன் போட்டாள்.
மூன்று வருடமாய் அங்கே டைல்ஸ் பதிக்கிறான்.
ஸ்பீக்கரில் அவன் சிரிப்பு கரகரத்தது:
"ஒட்டுவது எப்படி என்றுதான் அட்டையில் போட்டிருந்தது.
பிரிப்பதைப் பற்றி நான் படிக்கவில்லை."
"வந்து படி," என்றாள்.
அந்தப் பக்கம் கல் அறுக்கிற சத்தம்.
பிறகு லைன் இல்லை.

ரம்பத்தை எடுத்துக் கம்பியையே அறுத்தேன்.
முழங்கை நீள இரும்பு, நுனியில் குதிரை.
எடையில் அதைக் கழித்திருக்க வேண்டும்.
கழிக்கவில்லை.

சால்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.
ஜன்னலில் அந்த மழுங்கிய காது மட்டும் தெரிந்தது.
இனி அது எந்தப் பலகையிலும் நிற்காது,
தண்டின் கனத்தில் சாய்ந்துவிடும்.
பீர் மூடிக்கு வேலை போகாது.

மாலையில் ஷிகுலியை நசுக்கினேன்.
கதவு மடிந்தது, கூரை மடிந்தது,
சாம்பல் கட்டிகள் மட்டும்
வளையத் தெரியாமல் கல்லாய் உதிர்ந்தன.

பதிவுச் சீட்டில் எழுபது குதிரைசக்தி என்றிருந்தது.
அடித்துவிட்டு
அறுபத்தொன்பது என்று எழுதினேன்.
கணக்கர் ஹ்ராசிக் இன்னும் காரணம் கேட்கிறார்.