மூடும் குறி

இங்குஸ் ரோட்டர்டாமுக்குப் போய்விட்டான்.
இருபத்தாறு வயது, நல்ல சம்பளம்.
வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்தின் இரவு மேசையில்
எனக்கென்று விட்டுப்போனது
சக்கரம் தேய்ந்த நாற்காலி,
பாதி டப்பா புதினா மிட்டாய்,
யாருக்கும் பிடிபடாத ஒரு பிரவுசர்.

டேப்கள் மேலே இல்லை, கீழே கிடந்தன.
பின்செல்லும் அம்பைக் காணோம்.
வெள்ளையாய் இருக்கவேண்டியதெல்லாம்
கறுப்பு ரொட்டியின் உள்நிறம்.
எதையும் மூட ஒரு பெருக்கல் குறி இல்லை.
ஐம்பத்தொரு வயதில் என்னைக்
கதவில்லாத வீட்டில் குடிவைத்துவிட்டான்.

திட்டிக்கொண்டே தேடினேன்.
கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று,
அங்கே இருந்தது அவன் ஸ்டைல் ஷீட்.
இருநூற்றுப் பதினெட்டு வரி.
நெளிந்த அடைப்புகளுக்குள்
ஒவ்வொரு உறுப்பையும் பெயர்சொல்லிக் கூப்பிட்டு
நீ இங்கே நில், நீ இந்த நிறம் உடுத்து,
நீ கண்ணில் படாதே.
போதாதென்று ஒவ்வொன்றின் முடிவிலும்
வியப்புக்குறி போட்டு 'முக்கியம்'.
இவ்வளவு கத்தத் தெரிந்தவன்
மூன்று வருடத்தில் என்னிடம் பேசியது
வணக்கமும், சாவி எங்கே என்பதும்தான்.

அழிக்க ஆரம்பித்தேன்.
நடுநடுவே சாய்கோடும் உடுக்குறியும் வேலியிட்டு
ஏதோ எழுதிவைத்திருந்தான். படிக்கவில்லை.
இயந்திரமே தாண்டிப்போகிற வரிகளை
நான் ஏன் நின்று பார்க்கவேண்டும்.
ஓர் அடைப்பைக் கூடுதலாக அழித்ததில்
கீழே இருந்த அத்தனை கட்டளையும் ஊமையாயின.
மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.
மூடினேன். திறந்தேன். மூடினேன். திறந்தேன்.
மூன்று மணிக்கு அது
கடையில் வாங்கிய முகத்தோடு வந்து நின்றது.

மறுவாரம் வடமேற்குக் காற்று.
மரம் ஏற்றிய கப்பல் ஒன்று வெளியே ஆடிக்கொண்டிருக்க,
பைலட் படகு கிளம்பலாமா என்று
சாண்டிஸ் வயர்லெஸ்ஸில் கேட்கிறான்.
காற்று அட்டவணையைத் தேடி விரல் போன வேகத்தில்
அட்டவணையையே மூடிவிட்டேன்.
பளீரென்று வெள்ளை.
நடுவில், என்ன வேண்டும் என்று கேட்கும் தேடல் பெட்டி.
நிமிர்ந்தால் ஜன்னலில் கடலும் இல்லை.
"விஸ்மா?" என்றான். "விஸ்மா, எத்தனை?"

சொன்னேன், இருபத்திரண்டு விநாடி கழித்து.
ஒன்றும் ஆகவில்லை. படகு போனது, வந்தது.
சாண்டிஸ் தன் ஈரக் கையுறைகளை
என் ஹீட்டர்மேல் காயப்போட்டுவிட்டுத் தேநீர் குடித்தான்.
என் கை மட்டும் விடியும்வரை நடுங்கியது.

பழைய கோப்பின் நகல் ஒன்று வைத்திருந்தேன்,
அவன்மேல் புகார் எழுதலாம் என்று.
இந்த முறை வேலிகளுக்குள்ளே மட்டும் படித்தேன்.

'ஜனவரி பதினான்கு. மூடும் குறியில் விரல் பட்டுவிட்டது.
நாற்பது விநாடி. யாரிடமும் சொல்லவில்லை.'

'வெள்ளை வேண்டாம். வெள்ளையைப் பார்த்த கண்ணுக்கு
மிதவை விளக்கு தெரிவதில்லை.'

'பின்செல்லும் அம்பு. எதற்கு?'

எல்லாவற்றையும் திரும்பப் போடவில்லை.
டேப்கள் மேலேயே இருக்கட்டும், அது என் பிடிவாதம்.
பழுப்பு என் கண்ணுக்கு ஒரு படி கூடுதல், குறைத்தேன்.
மூடும் குறியிடம் மட்டும் அவன் சொன்னதையே சொன்னேன்.
அது செத்துப்போவதில்லை,
எங்கோ இருந்துகொண்டுதான் இருக்கிறது,
திரையில் நிற்க இடமில்லை, அவ்வளவே.
அவனுடைய நாற்பதின் கீழே
தேதி போட்டு என் இருபத்திரண்டை எழுதினேன்.

கடைசியில் ஒரு வரி மிச்சம்.
முகவரிப் பட்டைக்கு இடப்புறம் ஏழு புள்ளி இடைவெளி.
குறிப்பு எதுவும் இல்லை.
அதற்கும் வியப்புக்குறி, அதற்கும் 'முக்கியம்'.
எடுத்துப் பார்த்தேன், வைத்துப் பார்த்தேன்,
எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
ரோட்டர்டாமுக்கு எழுதிக் கேட்கலாம்.

கேட்கவில்லை.
ஏழையும் வைத்தபடியே சேமித்து
மூடித் திறந்தேன்.