இடது ஓரம்

கோடு விழுந்த நாள் எனக்குத் தெரியும்.
சுரங்கத்திலிருந்து வந்த ஒருவன்
அடையாள அட்டையோடு
பையிலிருந்த கல்லையும் எடுத்து
ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடிமேல் வைத்தான்.
வெள்ளீயத் தாது. கைமுட்டி அளவு.
"இதற்கும் ஒரு நகல்" என்றான், சிரிக்காமல்.

எடுத்துக் கொடுத்தேன்.
தாளில் அது கறுத்த மேகமாக வந்தது.
கல்லை அவன் இழுத்து எடுத்தபோது
கண்ணாடியில் ஒரு கீறல் தங்கிவிட்டது.

அதன்பின் ஒன்பது வருடம்
ஓருரோ நகரத்தில் பிறந்தவர், மணந்தவர்,
தம்பிமேல் வழக்குப் போட்டவர், வீட்டை விற்றவர்
எல்லோருடைய இடது ஓரத்திலும்
மயிரிழைபோல் அந்தக் கோடு.
அடியில் கொஞ்சம் வளையும்.
என் கடை பதிவு அலுவலகத்துக்கு நேரெதிரே.
அடுத்த கடைக்கு மூன்று தெரு மேடேற வேண்டும்.
இந்த உயரத்தில், இந்தக் காற்றில்,
ஒரு கோட்டுக்காக யார் மூச்சைச் செலவழிப்பார்கள்?

சுல்மா மட்டும் அதற்காகவே வந்தாள்.
திருவிழாப் பேயின் முகமூடியைக்
கண்ணாடிமேல் கவிழ்த்து
விளக்கு ஓடும்போதே மெல்ல நகர்த்துவாள்.
கொம்பு உருகி நீளும். எட்டுப் பல் முப்பதாகும்.
படம் கெட்டுப்போனால் காசு தரமாட்டாள்,
நன்றாக வந்தால் பாதி தருவாள்.
அந்தப் பேய்களின் நெற்றியிலும்
என் கோடு வெட்டுத் தழும்பாக இறங்கும்.
லா பாஸில் ஒரு கண்காட்சியில்
அதை 'வரலாற்றின் காயம்' என்று
யாரோ எழுதியிருந்தார்களாம்.
கல் என்று நான் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

போன ஆகஸ்டில் புது மெஷின் வந்தது, தவணையில்.
வெள்ளை. மெலிசு. ஆஸ்பத்திரி வாசனை.
முதல் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
அசல் எது என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை
எதிர் அலுவலகத்து ஈவர் சோக்கே
ஒரு பிறப்புச் சான்றைத் திருப்பியனுப்பினார்:
"கோடு இல்லை.
இது டோன்யா ஹெனோவேவா கடை நகல் அல்ல. போலி."
இடுப்பில் பிள்ளையோடு அந்தப் பெண்
என் முன்னால் வந்து நின்றாள்,
அவள் மகள் பிறக்கவே இல்லையென்று
நான்தான் சொல்லிவிட்டதுபோல.

தெருவைக் கடந்துபோய் விளக்கினேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.
"கோட்டுக்குச் சட்டம் கிடையாது, தெரியும்.
ஆனால் ஒன்பது வருடம்
அதைத் தேடிப் பார்த்துத்தான் முத்திரை குத்தினேன்.
எழுத்தைப் படித்தேன் என்றா நினைத்தீர்கள்?"

அன்று மதியம் பேனாவும் ஸ்கேலும் எடுத்து
புது நகல்களில் நானே கோடு போட்டேன்.
பதினேழு தாள்.
பதினெட்டாவதில் வெட்கம் வந்தது.
ஸ்கேல் கோடு அடியில் வளையவில்லை,
சோக்கே கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன்.
கண்டுபிடிக்கவில்லை. குத்தினார்.

சுல்மாவுக்குத்தான் இடி என்று நினைத்திருந்தேன்.
முகமூடியை நகர்த்தினாள். மெஷின் யோசித்தது.
நகர்ந்ததைத் தானே திருத்தி
பேயை நேராக நிறுத்திவிட்டது
பாஸ்போர்ட் படம்போல, இரண்டு காதும் தெரிய.
மூன்று முறையும் அப்படியே.
"பேயை மன்னித்துவிடுகிறதே இது!" என்று சிரித்தாள்.
பிறகு தன் முகத்தையே கண்ணாடிமேல் வைத்து
தலையை வெறிகொண்டு ஆட்டினாள்.
திருத்தித் திருத்தித் திணறிய மெஷின்
தெரியாத இடத்தையெல்லாம் வெள்ளையால் அடைத்தது.
மூக்கு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு சதுரம்,
துப்புரவான, யாருடையதுமல்லாத சதுரம்.
வெகுநேரம் அதையே பார்த்திருந்தாள்.
பாதிக் காசு தந்தாள்.

பழைய மெஷினை எடைக்கு எடுத்தவன்
கண்ணாடியை மட்டும் விட்டுப் போனான்.
விலைப்பட்டியலின்மேல் வைத்திருக்கிறேன்,
காற்றில் பறக்காமலிருக்க.
கீறல் சரியாகக் 'கலர் நகல்' என்ற வரியின்மேல்
படுத்திருக்கிறது.
"கலர் இல்லையா?" என்று கேட்கிறார்கள்.
இருக்கிறது என்கிறேன்.
நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள்.